உன் கல்யாணப் படத்துக்கு வந்த ஃபிரேம்

அன்பு மகள் ரதிக்கு,

அம்மா நீலாவதி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குச் சுகம், அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை முகுந்தனும் சளி இருமல் இல்லாமல் இருக்க நம் எஸ்டேட் முனியாண்டி சாமி பார்த்துக்கொள்ளட்டும். உடம்புக்குச் சுகம் என்றுதான் எழுதியிருக்கிறேன், மனதைப் பற்றி எழுதவில்லை, ஏனென்றால் நான் கடுங்கோபத்தில் இருக்கிறேன். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுதாகப் படி.

நீ அனுப்பிய கல்யாணப் படம் குழாய்க்குள் சுருட்டியபடி கசங்காமல் வந்து சேர்ந்தது. பதிவு அலுவலக வாசலில் நீங்கள் இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படி ஓர் அளவில் படம் போடச் சொன்னது யார்? சதுரமும் இல்லை, நீளமும் இல்லை, கடையில் விற்கிற ஃபிரேம் எதுவும் அதற்குப் பொருந்தாது. நல்ல இடமாகப் பார்த்துப் போடுங்கள் என்று நீ சொன்ன சிரம்பான் கடைக்கே போனோம். ஜவுளிக்கடையில் துணி காட்டுவதுபோல மரத்துண்டுகளாக எடுத்துப் பரப்பி, ஓரத்து அட்டை ஒன்றா இரண்டா, கண்ணாடி சாதாரணமா வெளிச்சம் அடிக்காததா என்று கேட்டுக்கொண்டே போனார்கள், நாங்களும் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டே இருந்தோம், கடைசியில் எழுநூறு வெள்ளி என்றார்கள். நாலு குச்சியும் ஒரு கண்ணாடியும், அவ்வளவுதான். "எழுநூறு வெள்ளிக்கு மோட்டார் டயர் ரெண்டும் மாத்தி, மிச்சத்துல ஒரு மாசம் சாப்பிடலாம்லா" என்று என் காதில் சொல்லிவிட்டு, உன் அப்பா கடைக்காரப் பெண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வெளியே நடந்தார். எனக்கு ஒரு பக்கம் அவமானம், ஒரு பக்கம் ஆத்திரம்.

பிறகு நம் தம்பின் ஊர் முழுக்க அலைந்தோம். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய பிளாஸ்டிக் ஃபிரேம் மாட்டிய மறுநாளே வளைந்து போனது. சாமான் கடையில் ஒருவன் "ஓரத்த வெட்டிட்டா பொருந்திடும் ஆண்ட்டி" என்று மாப்பிள்ளையின் தோள்மேல் விரலை வைத்துக் காட்டினான். நேரில் பார்க்காத மாப்பிள்ளையைத் துண்டு போட்டா பார்க்க வேண்டும் என்று அங்கேயே கத்திவிட்டேன். அடுத்த வாரம் அப்பா ஒரு தேக்குச் சட்டத்தோடு வந்தார், ஓரமெல்லாம் கொடி செதுக்கியது, பழைய சாமான் விற்கிறவனிடம் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது என்றார். கண்ணாடி மட்டும் புதிதாக வெட்டி வாங்கி, காலண்டர் அட்டையை நறுக்கிப் பின்னால் கொடுத்து, முன்கூடத்தில் மாட்டினார். வந்தவர்களிடமெல்லாம் நான் பெருமை பீற்றினேன், அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு மயிலம்மாள் அக்கா படம் பார்க்க வந்தார். வந்தவர் உன்னைப் பார்க்காமல் சட்டத்தையே பார்த்தார், மூலையை விரலால் தடவினார். "இது எங்க வீட்டு முருகன் படத்துச் சட்டமாச்சே நீலா" என்றார். நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன், அவர் தலையைக் குனிந்துகொண்டார். பழைய சாமி படங்களைக் குப்பையில் போடக்கூடாது என்று கோயில் அரசமரத்தடியில் கொண்டுபோய் வைப்போமே, அங்கிருந்து தூக்கி வந்திருக்கிறார். கேட்டால் "படந்தான் சாமி, சட்டம் வெறும் மரந்தானே" என்கிறார். சாமியை வெளியே எடுத்த சட்டத்திலா மகள் கல்யாணப் படத்தை வைப்பது? அதிலும் இந்தப் படம் ஏன் மரத்தடிக்குப் போனது என்று நம் தாமானில் குடியிருக்கிற எல்லோருக்கும் தெரியும். அக்காவின் மகன் குணாளன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போன பிறகு, பெற்ற பிள்ளையைக் காக்காத சாமி எனக்கெதற்கு என்று அவரே சுமந்து போய் வைத்தது அது.

இறக்கி அந்த மரத்தடியிலேயே திருப்பி வைப்பதென்று நான் நாற்காலி போட்டு ஏறிவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இறக்காத. அது முன்னால நின்னு நான் கேட்டது எதுவும் நடக்கல. உன் புள்ளயாவது அதுக்குள்ள சிரிச்சிக்கிட்டு இருக்கட்டும்" என்றார். பிறகு முருகனை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அப்பாவைக் கேட்டார். அப்பா வேட்டியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்த படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார், அக்கா அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

உன் படம் சுவரில்தான் இருக்கிறது. அப்பாவோடு நான் இன்னும் பேசவில்லை, சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். ஆனால் கடைமேல் உள்ள கோபத்தையும் அவர்மேல் உள்ள கோபத்தையும் கூட்டினாலும் உன்மேல் உள்ளதில் பாதி வராது. உன் கல்யாணத்தின்போது, வீண் செலவு, நீங்கள் வர வேண்டாம், அடுத்த வருடம் நாங்களே வந்து கோயிலில் தாலி கட்டிக்கொள்கிறோம் என்றாய். அந்த அடுத்த வருடமும் முக்கால்வாசி போய்விட்டது, வந்தது உன் படம்தான். அக்கா போகும்போது வாசலில் நின்று, ரதி எப்ப வருது என்று கேட்டார். நீ தேதியே சொல்லாதபோது அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. குணாளனால் இனி வர முடியாது. உன்னால் முடியும், நீ வரவில்லை.

இரண்டு பேரும் மனம் ஒத்து, குறை இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசியைச் சொல். தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. லீவு கேட்டுவிட்டு, வருகிற தேதியை எழுது. வேறு படம் எதுவும் அனுப்பாதே.

கோபம் தீராத,
உன் அம்மா
நீலாவதி