உள்ளங்கையில் முளைக்கும் முடி

அன்பு மகளுக்கு,

கல்யாணத்துக்குள் என் உள்ளங்கை முடியை லேசரில் எடுத்துவிடச் சொல்கிறாய். "சம்பந்தி கை குலுக்கினா மிரண்டுடுவார்ப்பா" என்கிறாய். நியாயம்தான்.

பேக்கரி அடுப்பில் இந்தக் கை வெந்தபோது, தொடையிலிருந்து தோல் கொடுத்தவன் உன் சித்தப்பா. ஒரே அச்சில் வார்த்த இரட்டையர் என்பதால் என் உடம்பு அதைத் தள்ளவில்லை. ஆனால் அந்தத் தோல் இன்னமும் தொடையாகவே இருக்கிறது. "இத்தனை வருஷமாகியும் கைன்னு புரியலையா டாக்டர்?" என்றேன். செல் ஒவ்வொரு முறை இரண்டாகும்போதும், எந்த மரபணு திறந்திருக்கணும், எது மூடியிருக்கணும் என்ற அடையாளத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுமாம். பத்தாவதில் கோட்டடித்த என் மண்டையைவிட அதற்கு ஞாபகம் அதிகம்.

"என் தொடைடா அது, மரியாதையா வெச்சுக்கோ" என்பான் அவன்.

தினமும் உள்ளங்கையையும் சேர்த்துத்தான் சவரம் செய்வேன். போன மாதம் அவனை மண்ணில் வைத்துவிட்டு வந்ததிலிருந்து கத்தி அங்கே போகமாட்டேன் என்கிறது. முடி மட்டும் பழையபடி முளைக்கிறது. அவன் போனதை அதற்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்வதாக இல்லை.

லேசர் வேண்டாம் கண்ணு. சம்பந்தியைக் கும்பிட்டுச் சமாளித்துக்கொள்கிறேன். மேடைக்குப் போகும்போது நீ இந்தக் கையைப் பிடித்துக்கொள். சித்தப்பா வரேன்னு சொல்லியிருந்தானே.

இப்படிக்கு,
உன் குரங்குக்கை அப்பா