வவுனியாவிலிருந்து திரும்பியவர்

1990 ஒக்டோபர் 21
இந்த மாதக் கடைசியில் இவர் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடுவார். என்னிடம் வர விசா தயார். லின்ஃபீல்டின் இந்தச் சின்ன வீட்டை இன்றைக்குத்தான் ஒழுங்காகக் கூட்டினேன்.

நவம்பர் 2
கொழும்பிலிருந்து பத்மாவதிப் பெரியம்மா போன். யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தை எங்கள் தமிழ் இயக்கம் ஊரைவிட்டே துரத்திவிட்டதாம், உடுத்த உடுப்போடு. இவரைப் பற்றித் தகவல் இல்லை.
அங்கே எங்கள் பக்கத்து வீட்டு ரிஸ்வானா நிறைமாதம். புருஷன் புத்தளத்தில். எப்படி நடந்திருப்பாள்?

நவம்பர் 9
இன்னும் இல்லை.

நவம்பர் 18
ரிஸ்வானாவே புத்தளத்திலிருந்து போன் எடுத்தாள். முதலில் அழுகை மட்டும்.
"அக்கா, துரத்தின அண்டைக்குத்தான் எனக்கு வயித்துக்குத்து. சதாசிவம் அண்ணன் உங்கட வீட்டுக்குள்ள ஒளிச்சு வைச்சார். மருத்துவிச்சி வசந்தமலரக்கா களவா வந்து பிள்ளையை எடுத்தவ. பிறகு தோணியிலையும் ட்ராக்டரிலையும் அண்ணன்தான் எங்களை வவுனியாவுக்குக் கொண்டுவந்தவர்."
"இப்ப எங்க அவர்?"
"திரும்பிப் போயிட்டார். இயக்கக்காரர் வீட்டைத் தேடி வந்திட்டாங்களாம். தான் இல்லாட்டி, பிள்ளையை எடுத்தது ஆரெண்டு துருவி மலரக்காவைப் பிடிப்பாங்கள் எண்டார். காலைப் பிடிச்சுக் கெஞ்சினன், அக்கா."
வவுனியா வரை வந்த மனுசன்! இன்னொரு பஸ் ஏறினால் கொழும்பு. ஊரார் பெண்சாதிமாரைக் காப்பாத்தினீங்கள், சரி — என்னை ஆர் நினைச்சது?
எழுத வெட்கமாயிருக்கு. ஆனால் அப்பிடித்தான் நினைச்சன்.

டிசம்பர் 6
இவரைப் பிடித்துவிட்டார்கள்.

1991 பெப்ரவரி 17
மலரக்கா படகேறி இந்தியாவுக்குத் தப்பிவிட்டா. ரிஸ்வானாவுக்கு உதவியது யாரென்றுதான் இவரைக் கேட்டு அடிக்கிறார்களாம். இவர் வாயே திறக்கவில்லையாம். "பேரைச் சொல்லியிருந்தா அண்டைக்கே விட்டிருப்பாங்கள், பிள்ளை," என்கிறா பெரியம்மா.
சொல்லாதேங்கோ. அவ தப்பினது தெரியாமலே இருக்கிறீங்கள். எண்டாலும் சொல்லாதேங்கோ.

ஓகஸ்ட் 11
போன மாதம் இவரை விட்டுவிட்டார்கள். இன்றைக்கு விமான நிலையம். முதலில் அடையாளம் தெரியவில்லை, தாண்டிப் போய்விட்டேன். பின்னாலிருந்து "சாப்பிட்டனீரே?" என்ற குரல். வலது கை விரல்கள் மடங்குவதில்லை. கேட்க வைத்திருந்த கேள்வி ஒன்றையும் கேட்கவில்லை.

நவம்பர் 9
பாபகூராவில் தமிழரின் தீபாவளி ஒன்றுகூடல். எங்கள் மேசையிலிருந்த செல்வரத்தினம் இவர் இடது கையில் கரண்டி பிடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"உம்மட கையைக் குடுத்து முஸ்லிம் சனத்தைக் காப்பாத்தோணுமே?"
இவர் இடது கையால் இன்னொரு கரண்டி அள்ளினார்.
"பக்கத்து வீட்டுப் பிள்ளை, அண்ணை. நோவெடுத்துக் கிடந்தவள்," என்றேன் நான். "வேற என்ன செய்யிறது?"
அவர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் எழும்பினார்கள்.
நாங்கள் இரண்டு பேரும் இருந்து, பாயாசமும் குடித்துவிட்டுத்தான் எழும்பினோம்.