மஞ்சள் பூச்சைத் துடைத்தது யார்

என்னங்க,

கண் டாக்டரிடம் போகிறேன். சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது.

பத்து மணிக்கு முலாம் பூசுகிறவர் கூலி வாங்க வருவார். அவரைப் பார்த்ததும் சத்தம் போடாதீர்கள். உங்கள் பழைய காரின் பிரேக் போல்ட்டுகளில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய மஞ்சள் பூச்சு திட்டுத்திட்டாகப் போனது அவர் தப்பில்லை. நான் துடைத்தது.

நேற்று நீங்கள் வெளியே போயிருந்தபோது போல்ட்டுகளைக் கொண்டுவந்தார். "அம்மா, பூச்சு இன்னும் காயலை. நாளை வரைக்கும் யாரும் கை வைக்க வேணாம்" என்றார். தலையாட்டினேன். அவர் போனபின் பார்த்தால் ஈரம் சொட்டுகிறது. "நனைஞ்ச இரும்பைத் தொடைக்காம வைக்காதே" என்று நாற்பது வருஷமாக என் காதில் ஓதியது யார்? கை தானாகத் துணியை எடுத்துவிட்டது. நான்காவது போல்ட்டில்தான் துணி மஞ்சளானதைக் கவனித்தேன்.

சாயங்காலம் நீங்கள், "அந்த ஆளை உண்டு இல்லைன்னு பண்றேன்" என்று குதித்தபோது நான் அடுப்படிக்குள் நழுவிவிட்டேன்.

அந்த நான்கையும் தனி டப்பாவில் வைத்திருக்கிறேன். மறுபடி பூசக் கொடுங்கள். அவசரப்பட்டு மாட்டிவிடாதீர்கள், பக்கத்து சீட்டில் உட்காரப்போவது நான்.

அவருக்குக் காபி போட்டுக் கொடுங்கள். சர்க்கரை இரண்டு கரண்டி.

உங்கள் வெள்ளை பனியனைத் தேட வேண்டாம். அதுதான் துணி.

தெருமுனை வரை இரண்டு தடவை போய்த் திரும்பி வந்துவிட்டேன். நீங்கள் இந்தக் கடிதத்தைப் படிப்பதற்குள் அவர் வந்து நின்றால்? டாக்டரை நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன். முலாம் பூசுகிறவரிடம் நானே சொல்கிறேன். வாசற்படியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்; எழுந்ததும் கூப்பிடுங்கள்.