கிணற்றடியில் நின்ற நேரம்

இன்று மத்தியானம் தகரக் கூரையில் ஒரு மாங்காய் விழுந்தது. பிடித்த அகப்பையோடு குசினிச் சுவரோரம் குந்திவிட்டேன். அடுத்தது எப்போது என்று காது கொடுத்தபடியே இருந்தேன். சோறு அடிப்பிடித்துவிட்டது.

ஸ்கந்தபுரத்து வீட்டுக் கூரையிலும் இப்படித்தான் விழும். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவர் நீங்கள். உங்களுக்கு வாழ்க்கைப்பட்ட நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். 'நிகழ்தகவு' என்று நீங்கள் சொன்னது எனக்கு 'நிகழ்தவறு' என்று கேட்டது. "அதுவும் பிழையில்லையப்பா," என்று சிரித்தீர்கள். "ஒரு பின்னேரத்துக்கு எத்தினை விழும் எண்டு ஓரளவு சொல்லலாம். அடுத்தது எப்ப எண்டு சொல்லேலாது. இப்பதான் ஒண்டு விழுந்தது எண்டு மற்றது பிந்தி வாறேல்லை."

பிறகு ஊர் ஊராக இடம்பெயர்ந்து, கடைசியில் கடற்கரை மணலில் பதுங்கப் பங்கர் வெட்டி இருந்தோம். மகளுக்குக் காய்ச்சல். தண்ணீர் முடிந்துவிட்டது. காலையிலிருந்து விழுந்த ஷெல் அப்போதுதான் சற்று ஓய்ந்திருந்தது.

பக்கத்துப் பங்கர் மேரியக்கா தலையை நீட்டினா. "இப்பதானே விழுந்தது. இனிக் கொஞ்ச நேரம் வராது. ஓடிப்போட்டு வாங்கோ தம்பி."

"ஷெல்லுக்கு ஞாபகமில்லை அக்கா. முந்தி விழுந்தது அதுக்குத் தெரியாது," என்றீர்கள்.

"அப்ப எப்பத்தான் போறது?" என்று நான் கத்தினேன்.

"எப்ப போனாலும் ஒண்டுதான். வெளியில நிக்கிற நேரத்தைத்தான் குறைக்கலாம். சின்ன வாளியையும் கயிற்றையும் தாரும்."

"உந்தக் கணக்கை ஷெல்லுக்குப் படிப்பியுங்கோ!" என்றேன்.

சிரித்துக்கொண்டே கிணற்றடிக்கு ஓடினீர்கள். நான் பங்கர் வாசலில் கிடந்து பார்த்தேன். அள்ளிவிட்டுத் திரும்பினீர்கள். அப்போது இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வெறும் குடத்துடன் வந்து நின்றாள். அவளிடம் கயிறு இல்லை. நீங்கள் எங்கள் வாளியைக் கீழே வைத்தீர்கள்.

"வாங்கோ!" என்றேன். பொறு என்று கை காட்டினீர்கள். உங்கள் கயிற்றில் அவள் குடத்தைக் கட்டி இறக்கி நிறைத்தீர்கள். அவள் ஓடிவிட்டாள். நீங்கள் வாளியை எடுக்கக் குனிந்தீர்கள்.

விழுந்த ஷெல்லின் புகை அடங்க மேரியக்காதான் தவழ்ந்து போய் அந்த வாளியைக் கொண்டுவந்தா. அதில் பாதித் தண்ணீர் இருந்தது. மகள் குடித்தாள்.

கொஞ்ச நேரம்தான் நிற்கவேண்டும் என்று எனக்குச் சொன்னவர் நீங்கள்தானே. எத்தனையோ நாள் இதைச் சொல்லி உங்கள் படத்தோடு சண்டை பிடித்திருக்கிறேன்.

இப்போதும் நான் கிணற்றுக்கு ஓடித்தான் போகிறேன். "ஆர் உன்னைத் துரத்துறது தங்கச்சி?" என்று அயலில் பகிடி பண்ணுவார்கள். ஆனால் யாராவது வெறும் பாத்திரத்தோடு வந்து நின்றால் என் வாளி தானாகக் கீழே இறங்கிவிடுகிறது. காது வானத்தில் இருக்கும். கால் ஓடச் சொல்லும். கயிற்றைக் கிணற்றுக்குள் விடுவேன்.