சுருளப்பனுக்கு மொட்டை

அன்பு ஜேக்கப் அண்ணே,

ஜெயித்துவிட்டோம்! முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். நேற்று திருப்பதியில் நம் படம் வெளியானது. மேட்டினிக்கே ஹவுஸ்ஃபுல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீ கேட்டாயே, "அந்த மொட்டை சீனுக்கு ஜனங்க சிரிப்பாங்களாடா?" என்று. அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தபோது நீ இல்லை.

பத்திரிகையில் வாராவாரம் நீ வரைந்த சுருளப்பனை யார் மறப்பார்கள்? நெற்றியில் ஒற்றைச் சுருள் முடி. அதைச் சீவிக்கொண்டே ஊர் வம்பையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொள்கிறவன். அவனைப் படமெடுக்க, நகரி பஸ்ஸில் கண்டக்டராக இருந்த என்னை டைரக்டர் கூப்பிட்டதே என் நெற்றியில் விழுந்த சுருளைப் பார்த்துத்தான். எனக்கு நடிப்பு வரும் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

சித்தூரில் பாதிப் படம் முடிந்திருந்தது. கழுவின பிலிமைப் பார்த்துவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்று மெட்ராசிலிருந்து தந்தி வந்தது. அப்படி வந்தால் முடி கொடுப்பதாக நான் வேண்டிக்கொண்டிருந்தேன். வேண்டுதலைத் தள்ளிப்போடுவது எங்கள் வீட்டில் பழக்கமில்லை. உடனே பஸ் ஏறித் திருமலைக்குப் போய், மொட்டை போட்டு, சந்தனம் பூசி, கையில் லட்டோடு வந்து நின்றேன். மீதிப் பாதிப் படம் இருக்கிறதே என்பது இந்த மண்டைக்கு உறைக்கவே இல்லை, அண்ணே.

டைரக்டர் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். "சுருளே இல்லாம சுருளப்பன் எங்கய்யா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். டோப்பா வைத்துப் பார்த்தோம். குருவிக்கூடு மாதிரி இருந்தது. வாடகைக் கேமரா மூன்று நாளில் திரும்பிப் போக வேண்டும். படத்தைக் கைவிட வேண்டியதுதான் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். உன் சுருளப்பனை நானே கொன்றுவிட்டேனே என்று அழுதேன்.

நீ மட்டும் சிரித்தாய். இருமல் வரும்வரை சிரித்தாய். "அழுதுக்கினு நிக்காதடா. உங்க சாமி முடிய வாங்கிக்கினாரு, எங்க சாமி கதைய குடுத்துட்டாரு. ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கினுதான் செய்றாங்க!" என்றாய். லட்டு சுற்றி வந்த காகிதத்தைப் பிரித்து அதிலேயே வரைய ஆரம்பித்தாய்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சுருளப்பன் ஓடிப்போகிறான். பெண்ணின் அப்பா துரத்துகிறார். அவருக்கு அடையாளம் அந்தச் சுருள் ஒன்றுதான். இவனோ மலையேறி மொட்டை போட்டுக்கொள்கிறான். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் எங்கு திரும்பினாலும் மொட்டை. ஒவ்வொரு தலையாகத் தடவிப் பார்த்துத் தேடுகிறார் மனுஷர்! அதைப் படமெடுத்தபோது, மலையிலிருந்து இறங்கி வந்த பக்தர்கள் சந்தோஷமாகத் தலையைக் காட்டினார்கள். அத்தனை துணை நடிகர்களை நாம் எங்கே போய்க் கூட்டியிருப்போம்?

நேற்று கொட்டகையில் பாதிப் பேர் மொட்டை, அண்ணே. தரிசனம் முடித்து நேராகப் படத்துக்கு வந்தவர்கள். திரையில் நான் சந்தனத் தலையோடு திரும்பினேன். "கோவிந்தா!" என்று கூரை அதிர்ந்தது. "வீடு மனவாடே ரா!" என்று தெலுங்கில் ஒருவர் கத்தினார். "ஆமாடா, நம்மாளுடா!" என்றது பெஞ்சு வரிசை. பெண்ணின் அப்பா தடவத் தொடங்கியதும், எனக்கு முன்னால் இருந்த பெரியவர் தன் தலையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் சிரிப்புச் சத்தத்தில் வசனம் ஒன்றும் காதில் விழவில்லை.

எஸ்தர் அண்ணியையும் வம்பு பண்ணித்தான் கூட்டிப்போயிருந்தேன். உன்னை அடக்கம் செய்த நாளிலிருந்து அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. அந்த சீனில் மெல்லத் திரும்பிப் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். "பாவி மனுசன், இத வரைஞ்சிட்டு சொல்லாமயே போய்ட்டாரே," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். நீ கேட்டதற்கு இதுதான் பதில். போதுமா, அண்ணே?

வெள்ளிக்கிழமை படம் சித்தூருக்கு வருகிறது. ரிலீசுக்காக மறுபடி மழித்த தலையில் இப்போதே முடி அரும்ப ஆரம்பித்துவிட்டது. ஒரே ஒரு கொட்டகையில் நம் படம் ஓடினாலும் சரி, அதுவரை சுருள் வளர்க்க மாட்டேன். மாசாமாசம் மழித்துக்கொண்டு உன் கல்லறைக்கு வந்து குனிந்து நிற்பேன். தடவிப் பார்த்துக்கொள், நான்தான்.

உன் தம்பி,
மொட்டைச் சுருளப்பன்