ஐந்து இலக்க நம்பருக்குப் போகாத பதில்

லீமா அப்பாவுக்கு,

நேற்றே வர வேண்டிய உங்கள் போட்டு இன்னும் வரவில்லை. வேறு கரையில் இறங்கி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தால் பார்ப்பீர்கள் என்று எழுதுகிறேன்.

காலையில் ஐந்து இலக்க நம்பரிலிருந்து இங்கிலீஷில் மெசேஜ் வந்தது. உங்கள் சேதியோ என்று நினைத்து, "அவுக உசுரோட இருக்காகளா?" என்று மூன்று தடவை பதில் அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இங்கிலீஷ்தான் திரும்பி வந்தது. லீமாவின் டீச்சரிடம் காட்டப் போகிறேன்.

சோறு பானையில் இருக்கிறது. கடலுக்குக் கிளம்பிய அன்றைக்கு, "எங்கிட்டாவது போய்த் தொலைங்க" என்று சொன்னதை மனசில் வைக்காதீர்கள்.

ஞானசீலி

பி.கு.: டீச்சரே தெருவில் வந்தார். படித்துவிட்டு, "போன்ல பாட்டு வைக்கச் சொல்ற விளம்பரம் இது. மெஷின் அனுப்புது, பதிலைப் பாக்க ஆளே கிடையாது" என்றார். நான் கேட்டது யாருக்குமே போகவில்லை. லீமாவோடு பாம்பன் கரையில் நிற்கிறேன். முதலில் அங்கே வந்து முகத்தைக் காட்டுங்கள்.