பொன்னேரி வேன் வேண்டாம்

அன்புள்ள வளர்மதிக்கு,

மஸ்கட்டில் நான் சுகம். உன் இருமல் விட்டதா? நைனா மாத்திரை போடுகிறாரா?

"நம்ம தோணிரேவுலயே பால்வாடி இருக்கசொல்ல, பாப்பாவ இன்னாத்துக்குப் பொன்னேரிக்கு வேன்ல அனுப்பணும்?" என்று கேட்டாய். இங்கிலீஷ் வரட்டும் என்று நான்தான் அடம்பிடித்தேன்.

நேற்று, கொளுத்தும் வெயிலில் நான் ஓட்டும் நர்சரி வேனைப் பூட்டப் போனால், கடைசி சீட்டில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பயப்படாதே, உடனே தூக்கிப்போய் டீச்சரிடம் விட்டுவிட்டேன். நம்ம பாப்பா வயசுதான்.

பால்வாடியிலேயே சேர்த்துவிடு. அதன் ஒழுகும் கூரையை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். ஏரியில் கையால் தடவி இறால் பிடித்துவிட்டு, ஈரச் சேலையோடே நீ எட்டிப் பார்க்கலாம்.

என்னோடு தங்கியிருக்கும் மணிகண்டன் ஊருக்குக் கிளம்புகிறான், அவனிடம் இதைக் கொடுக்கிறேன். பாப்பா மதியம் பால்வாடியில் தூங்கும்போது ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பக்கத்தில் டீச்சர் உட்கார்ந்திருப்பதும் அதில் தெரியணும்.

உன்
தருமலிங்கம்